சந்திராதித்தவல் முதல் நூற்றெண்பது நாள் வரை: செங்கல்பட்டு வட்டாரமும் வலைப்பின்னல் மேலாண்மைப் பதிகைகளின் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

கணினி வலைப்பின்னலின் திசைவிகள், நிலைமாற்றிகள், தீயரண்கள் ஆகியவை தம்மிடத்தில் நிகழ்வனவற்றைத் தாமே எழுதி அனுப்பும் குறிப்புகள் பதிகைகள் எனப்படும். இவற்றைத் திரட்டிப் பழுதாயும் மேலாண்மை மென்பொருள்கள் உருவாகும் இடங்களுள் ஒன்றாக இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் விளங்குகிறது. பதிகைக்குரிய நெறிமுறைகளின் வரலாற்றை இக்கட்டுரை அவ்வட்டாரத்தின் பழைய ஆவண மரபோடு சேர்த்து ஆராய்கிறது. ஆண்டு குறிக்கப்பெறாத நேரமுத்திரை, எதை எழுதுவது என்னும் வரம்பு, எத்துணைக் காலம் காப்பது என்னும் விதி ஆகிய மூன்றும் கல்வெட்டாய்வாளர் நன்கறிந்த சிக்கல்களே என்பதும், மாறிய விதி எஞ்சி மாற்றத்திற்குக் காரணமான நிகழ்வு அழியும் போக்கு இரு காலத்திலும் காணப்படுகிறது என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பதிகை, சிஸ்லாக், வலைப்பின்னல் மேலாண்மை, திருவிடந்தை, உத்திரமேரூர், செங்கல்பட்டு, ஆவணக் காப்பு

முன்னுரை

சென்னைக்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே, கோவளத்தை அடுத்துக் கடலோரமாக அமைந்தது திருவிடந்தை. திருமங்கையாழ்வாரின் மங்களாசாசனம் பெற்ற இத்தலத்தில் வராகப் பெருமான் நித்திய கல்யாணப் பெருமாளாக எழுந்தருளியுள்ளார். முனிவரின் 360 புதல்வியரை நாளுக்கு ஒருவராக மணந்து, நிறைவில் அனைவரையும் ஒருத்தியாக்கித் தம் இடப்பக்கம் ஏந்தினார் என்பது தலபுராணம். கோயிற் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கிழக்குக் கடற்கரைச் சாலை இக்கோயிலை ஒட்டிச் செல்கிறது. மேற்கே பழைய மாமல்லபுரச் சாலையில் சிறுசேரித் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. இன்னும் மேற்கே, பெருவழிச் சாலையில் கூடுவாஞ்சேரியை அடுத்த வள்ளாஞ்சேரியில், வலைப்பின்னற் கருவிகளை மேலாளும் மென்பொருள்களை உலகிற்கு விற்கும் நிறுவனமொன்றின் தலைமையகம் அமைந்துள்ளது.

எழுத்தறிவும் கணக்கும் ஆயிரம் ஆண்டுகளாகத் தழைத்த ஒரு நிலப்பகுதியில் இத்தொழில் வந்து சேர்ந்தது தற்செயலே. கல்வெட்டு மரபிலிருந்து மென்பொருள் பிறந்தது என்று எவரும் வாதிட முடியாது. எனினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவது பயனுடையது. பதிகைகளைப் பற்றிய தொழில்நுட்ப நூல்கள் அவற்றை ஆவணங்களாகக் கருதுவதில்லை. ஆவணங்களைப் பற்றிய வரலாற்று நூல்களோ பதிகைகளைக் கண்டுகொள்வதில்லை.

கோவளத்துக் கப்பலும் மரக்கட்டையும்

ஆங்கிலத்தில் இக்குறிப்புகளுக்கு வழங்கும் லாக் என்னும் சொல்லுக்கு மரக்கட்டை என்பதே அடிப்படைப் பொருள். முடிச்சுகள் இட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்து, மணற்கடிகை தீர்வதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்தன என்று எண்ணிக் கப்பலின் வேகத்தை மாலுமிகள் அறிந்தனர். அவ்வேகத்தை எழுதிய ஏட்டிற்குக் கட்டையின் பெயரே ஆகிவந்தது. பின்னர்த் திசை, காற்று, காணப்பட்ட கரை, இறந்தோர், தண்டிக்கப்பட்டோர் என அனைத்தும் அதில் ஏறின.

இவ்வேட்டு மரபை உடைய ஐரோப்பியக் கப்பல்கள் திருவிடந்தைக்கு வடக்கே உள்ள கோவளத்தில் நங்கூரமிட்டன. 1722இல் பேரரசர் ஆறாம் சார்லசிடம் பட்டயம் பெற்ற ஆஸ்டெண்டு கும்பினிக்கு இந்தியாவில் இருந்த இரு முதன்மைத் தளங்களுள் ஒன்று கோவளம். மற்றொன்று வங்காளத்துப் பாங்கிபசார். 1752இல் கோவளத்தையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் கிளைவ் கைப்பற்றினார். 1763இல் செங்கல்பட்டுப் பகுதி ஆற்காட்டு நவாபிடமிருந்து கும்பினிக்கு ஜாகீராகக் கிடைத்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து விவரம் திரட்டினார். அவர் திரட்டிய விவரங்களோடு ஒப்பிடத்தக்க, ஊர்க்கணக்கர் எழுதிய ஓலைக் கணக்குகளும் கிடைத்திருக்கின்றன. ஊர்க்கணக்கரின் கையில் இருந்த ஓலையே கும்பினியின் வருவாய்க்கு அடிப்படை. அதைப் படிக்கத் தெரிந்தவரிடமே அதிகாரமும் இருந்தது.

தமிழ்க் கணிமையில் லாக் என்பதற்குப் பதிகை என்னும் சொல் நிலைபெற்று வருகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் நுழைவதைக் குறிக்கும் புகுபதிகை என்பதும் இவ்வேரிலிருந்து வந்ததே. பொருத்தமான ஆக்கம் அது. ஆயினும் வலைப்பின்னல் அறைகளில் பணிபுரிவோர் நாவில் லாக் என்பதே வழங்குகிறது என்பதை மறைப்பதற்கில்லை.

பெர்க்கிலியின் பதிகை

1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில், மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் சென்ட்மெயில் என்னும் நிரலை எரிக் ஆல்மன் எழுதினார். அந்நிரல் தன் செயல்களைக் குறித்துவைப்பதற்காக அவர் இயற்றிய துணைநிரலே சிஸ்லாக். ஒரு நிரலின் தேவைக்காகப் பிறந்தது பெர்க்கிலி யூனிக்சின் பிற நிரல்களுக்கும் பயன்பட்டது. பின்னர்த் திசைவி செய்யும் நிறுவனங்கள் அனைத்தும் அதை ஏற்றன. இருபது ஆண்டுகள் வரை அதற்கு எழுதப்பட்ட இலக்கணமே இல்லை. வழக்கில் இருந்ததைத் தொகுத்து 2001 ஆகஸ்டில் கிறிஸ் லான்விக் வெளியிட்ட ஆர்.எப்.சி. 3164 என்னும் ஆவணமும் விதி அன்று, விவரிப்பே. இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்பிய நிலை எனலாம்.

சிஸ்லாக்கின் ஒவ்வொரு குறிப்பும் ஓர் எண்ணோடு தொடங்குகிறது. எத்துறையிலிருந்து வந்தது என்பதற்கு 0 முதல் 23 வரையிலான ஓர் எண்; எத்துணைக் கடுமையானது என்பதற்கு 0 முதல் 7 வரையிலான ஓர் எண். முன்னதை எட்டால் பெருக்கிப் பின்னதைக் கூட்டினால் தொடக்க எண் கிடைக்கும். 189 என்று தொடங்கும் குறிப்பை எட்டால் வகுத்தால் ஈவு 23, மீதி 5. ஆகவே அது உள்ளூர்ப் பயன்பாட்டிற்கென ஒதுக்கிய எட்டுத் துறைகளுள் இறுதியானதிலிருந்து வந்த அறிவிப்பு நிலைக் குறிப்பு என்பது தெளிவாகும். கடுமை அளவையில் 0 என்பது கருவியே இயங்காத நெருக்கடி, 3 பிழை, 4 எச்சரிக்கை, 5 கவனிக்கத்தக்க இயல்பு நிகழ்ச்சி, 6 செய்தி, 7 பழுதாய்வுக்கான நுண்விவரம். எண் குறையக் குறையக் கடுமை கூடும் என்பது புதியோரை இன்றும் தடுமாறச் செய்கிறது.

சோழர் செப்பேடுகளில் வரும் புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை முதலிய பெயர்களை அறிந்தோர்க்குத் துறை எண் புதுமையாகத் தோன்றாது. ஓர் ஆவணம் எவர் கை வழியே வந்தது என்பதை ஆவணத்திலேயே குறிப்பது அதன் நம்பகத்திற்கு அடிப்படை.

ஆண்டு இல்லாத நாள்

ஆர்.எப்.சி. 3164 விவரிக்கும் நேரமுத்திரையில் மாதம், நாள், மணி, நிமிடம், நொடி உண்டு. ஆண்டு இல்லை. நேர மண்டலமும் இல்லை. அன்றன்று படித்து அன்றன்று விடும் குறிப்பிற்கு ஆண்டு எதற்கு என்று வடிவமைத்தோர் கருதியிருக்கக்கூடும். ஆனால் குறிப்புகள் திரண்டு ஆண்டைக் கடந்தபோது, டிசம்பர் 31இன் இறுதிக் குறிப்பும் ஜனவரி 1இன் முதற் குறிப்பும் எவ்வரிசையில் நிற்பன என்பதை மென்பொருள் ஊகிக்க வேண்டியதாயிற்று.

கோப்பரகேசரி வர்மற்கு யாண்டு இத்தனையாவது என்று தொடங்கும் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியோர் இச்சிக்கலை உடனே இனங்காண்பர். பரகேசரி, இராசகேசரி என்னும் பட்டங்களைச் சோழ மன்னர் மாறி மாறிச் சூடினர். ஆட்சியாண்டு மட்டும் குறித்த கல்வெட்டு எந்தப் பரகேசரிக்கு உரியது என்பதை எழுத்தமைதி, உடன் குறிக்கப்பெறும் அதிகாரிகள், மதிரை கொண்ட என்பன போன்ற அடைகள் ஆகியவற்றால் உய்த்துணர வேண்டியுள்ளது. பதிகை ஆய்வாளரும் இதனையே செய்கிறார்: வந்து சேர்ந்த வரிசை, கருவியின் பெயர், அடுத்தடுத்த குறிப்புகளின் தொடர்பு ஆகியவற்றைக் கொண்டு காலத்தை நிறுவுகிறார்.

கடிகாரமே பிழையானால் நிலைமை மேலும் சிக்கலாகும். மின்கலம் தாங்கும் கடிகாரம் இல்லாத சிஸ்கோ திசைவிகள் பல, மின்னிணைப்பு அற்று மீண்டும் உயிர்பெறும்போது 1993 மார்ச் 1 என்னும் நாளிலிருந்து எண்ணத் தொடங்குகின்றன. யூனிக்சு வழிவந்த கருவிகளுக்கு அந்நாள் 1970 ஜனவரி 1. சிஸ்கோ கருவிகள் இதில் ஒரு நேர்மையைக் கடைப்பிடிக்கின்றன. நேரம் நம்பத்தக்கதன்று எனில் முத்திரைக்கு முன் ஓர் உடுக்குறி. நேரம் முன்பு சரியாக இருந்து இப்போது நேரச் சேவையோடு தொடர்பற்றது எனில் ஒரு புள்ளி. ஐயத்தை ஐயமாகவே பதியும் இவ்வழக்கம் பதிப்பாசிரியர் பகர அடைப்பினுள் இடும் ஐயக்குறியை ஒத்தது. பல திரட்டு மென்பொருள்கள் இக்குறியைக் கழித்துவிட்டுத் தேதியை மட்டும் தரவுதளத்தில் ஏற்றுவது வருந்தத்தக்கது.

கருவிகளின் நேரத்தை ஒன்றாக்கும் நெறிமுறையை டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்டார். ஆண்டும் நேர மண்டலமும் முழுமையாக இடம்பெறும் புதிய பதிகை வடிவத்தை ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் 2009 மார்ச்சில் ஆர்.எப்.சி. 5424 ஆக வகுத்தார். இந்திய நேரத்திற்கு உரிய ஐந்தரை மணி வேறுபாட்டை அதில் வெளிப்படையாக எழுதலாம். எனினும் பழைய வடிவம் இன்னும் வழக்கொழியவில்லை. கருவி உலக நேரத்திலும் திரட்டி இந்திய நேரத்திலும் இயங்கும் இடங்களில், நள்ளிரவு கடந்த நிகழ்ச்சி முந்தைய மாலையில் நடந்ததாகத் தோற்றமளிப்பது இதனால்தான்.

வள்ளாஞ்சேரியை நோக்கி

1988 ஆகஸ்டில் வெளியான எஸ்.என்.எம்.பி. என்னும் எளிய வலைப்பின்னல் மேலாண்மை நெறிமுறை, தொலைவிலிருந்து கருவிகளை வினவவும், அவை தாமாக அறிவிப்பதைப் பெறவும் வழி செய்தது. பன்னாட்டுத் தரநிலை அமைப்பின் விரிவான மாற்றுத் திட்டம் வரும்வரை தற்காலிகமாக இருக்கட்டும் என்றே அது கொண்டுவரப்பட்டது, தற்காலிகமே நிலைத்தது. இந்தியாவில் 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பங்கேற்றது. பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்டு 15இல் தொடங்கியது.

இதற்கு அடுத்த ஆண்டில் ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் உள்ளிட்டோரால் தொடங்கப்பட்ட அட்வென்ட்நெட் நிறுவனம் எஸ்.என்.எம்.பி. நெறிமுறைக்கான ஜாவா மென்பொருட் கருவிகளை விற்றது. தொலைத்தொடர்புச் சாதனம் செய்யும் நிறுவனங்கள் தம் மேலாண்மை மென்பொருளை எழுத அடித்தளமாகக் கொண்ட வெப்.என்.எம்.எஸ். இதன் முதன்மை ஆக்கங்களுள் ஒன்று. 2000ஆம் ஆண்டை ஒட்டி ஏற்பட்ட பங்குச்சந்தைச் சரிவில் அச்சாதன நிறுவனங்கள் பல மறைந்தன, வாடிக்கையாளர் குறைந்தனர். அதன்பின் நிறுவனங்களின் உள் வலைப்பின்னலைக் கண்காணிக்கும் மேனேஜ்எஞ்சின் வரிசை உருவாயிற்று. கருவிகளைக் கண்காணிக்கும் ஆப்மேனேஜர், பதிகைகளைத் திரட்டும் ஈவண்ட்லாக் அனலைசர், கருவிகளின் கட்டமைப்பைப் படியெடுத்துக் காக்கும் நெட்வொர்க் கான்பிகரேஷன் மேனேஜர் ஆகியவை அவ்வரிசையைச் சேர்ந்தவை. 2009இல் நிறுவனம் சோகோ எனப் பெயர் மாறியது. இன்று அதன் அலுவலக மென்பொருள்களே பலராலும் அறியப்படுகின்றன. ஆயினும் நிறுவனத்தின் வேர் வலைப்பின்னல் மேலாண்மையில் உள்ளது. தமிழ்நாட்டு மென்பொருள் வரலாறு பெரும்பாலும் பிறர்க்குச் செய்துதரும் சேவையின் வரலாறாகவே எழுதப்படுகிறது. தன் பெயரில் பண்டம் செய்து விற்ற இக்கிளை தனி ஆய்வுக்கு உரியது.

பழுது எங்கே

மேலாண்மை மென்பொருளில் இருவகைப் பதிகைகள் உள்ளன. கருவிகள் அனுப்புபவை ஒருவகை. மென்பொருள் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்பவை மற்றொருவகை. முதல்வகை வந்து சேராதபோது இரண்டாம்வகையைத் திறந்து பார்ப்பதே பழுதாய்வின் தொடக்கம்.

பழைய சிஸ்லாக் யு.டி.பி. என்னும் முறையில், 514 என்னும் வாயிலுக்குச் செல்கிறது. இம்முறையில் சென்று சேர்ந்ததற்கு ஒப்புகை கிடையாது. அனுப்பிய ஓலை வழியில் தொலைந்தால் அனுப்பியவரும் அறியார், பெறவேண்டியவரும் அறியார். இணைப்பு அறுந்தது என்னும் குறிப்பு அறுந்த இணைப்பின் வழியாகவே வரவேண்டியிருப்பதும் உண்டு. திரட்டும் கணினியில் வேறொரு நிரல் அவ்வாயிலை முன்னரே பற்றியிருக்கலாம். யூனிக்சு கணினிகளில் 1024க்குக் கீழ்ப்பட்ட வாயில்களைத் திறக்கத் தனி உரிமை வேண்டும். அவ்வுரிமை இன்றித் தொடங்கிய மென்பொருள் காதில்லாமல் உட்கார்ந்திருக்கும். இடையிலுள்ள தீயரண் தடுத்திருக்கலாம்.

இவற்றிலும் நுண்ணிய பழுது ஒன்று உண்டு. திசைவிக்குப் பல இடைமுகங்களும் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரியும் உள்ளன. மேலாண்மை மென்பொருள் அதனை ஒரு முகவரியால் அறிந்திருக்க, பதிகை வேறொரு முகவரியிலிருந்து புறப்பட்டால், வந்த குறிப்பு எவருடையது என்று தெரியாமல் மென்பொருள் அதனைத் தள்ளிவிடும் அல்லது அறியாக் கருவியின் பெயரில் ஒதுக்கிவைக்கும். எப்போதும் ஒரே முகவரியிலிருந்து அனுப்புமாறு கருவியைக் கட்டமைப்பதே தீர்வு. ஒருவருக்கே பல பெயர் வழங்கிய காலத்துக் கல்வெட்டுகளில், இருவர் ஒருவரா என்று ஆய்வாளர் மயங்கும் இடம் இதற்கு நிகர்.

கடுமை வரம்பைப் பற்றிச் சற்று விரிவாகக் காண்பது தேவை. வரம்பு 4 என வைத்தால் 0 முதல் 4 வரையிலான குறிப்புகள் மட்டுமே வரும். குறிப்புகளின் பெருக்கத்தால் சலிப்புற்ற மேலாளர் அவ்வாறு வைப்பது இயல்பு. இடைமுகம் வீழ்ந்தது என்னும் சிஸ்கோ குறிப்பின் கடுமை 3 ஆதலால் அது தடையின்றி வரும். ஆனால் இன்னார் இங்கிருந்து கட்டமைப்பை மாற்றினார் என்னும் குறிப்பின் கடுமை 5. அது நின்றுவிடும். கட்டமைப்பைக் காக்கும் மென்பொருள்களோ இக்குறிப்பு வந்ததும் விழித்தெழுந்து புதிய கட்டமைப்பைப் படியெடுக்குமாறு அமைக்கப்படுகின்றன. குறிப்பு வராவிடில், குறித்த வேளையில் தானே நடைபெறும் அடுத்த படியெடுப்பின்போதுதான் மாற்றம் தெரியவரும். அப்போதும் மாறியது என்ன என்பது தெரியும். மாற்றியவர் யார், எவ்வேளையில் என்பன தெரியா.

மறுபுறம் வரம்பை 7க்கு உயர்த்துவதும் தீது. முழுப் பழுதாய்வு நிலையில் வைத்த திசைவி, தன் வேலையை விட்டுத் தன்னைப் பற்றி எழுதுவதிலேயே மூழ்கித் திணறும். மென்பொருளின் சொந்தப் பதிகையைப் பழுதாய்வு நிலையில் விட்டு மறந்தால் வட்டு நிரம்பி மென்பொருளே நின்றுபோகும். பழுதைக் காணத் திறந்த ஏடே பழுதாகிவிடும். கருவியினுள் தங்கும் இடமோ சிறிது. சிஸ்கோ கருவிகள் பலவற்றில் இயல்பாக ஒதுக்கப்படும் 4096 பைட்டுகளில், குறிப்புக்கு நூறு பைட்டு எனக் கொண்டால், நாற்பது குறிப்புகளே தங்கும். நாற்பத்தொன்றாவது வரும்போது முதலாவது அழியும்.

பதிகை எழுதும் செயலே வாயிலாகி, பகைவர் உட்புகுந்த நிகழ்ச்சி 2021 டிசம்பரில் வெளிப்பட்டது. ஜாவா நிரல்கள் பரவலாகப் பயன்படுத்தும் லாக்4ஜே என்னும் பதிகை நூலகம், குறித்துவைக்கத் தந்த சொற்றொடரில் ஒரு குறிப்பிட்ட வடிவம் இருந்தால் அதனைக் கட்டளையாகக் கொண்டு வெளியிலிருந்து நிரலை வரவழைத்து இயக்கியது. கேட்டதை எழுதவேண்டிய எழுத்தர், கேட்டதைச் செய்யவும் தலைப்பட்டார்.

உத்திரமேரூர்: விதி உண்டு, நிகழ்வு இல்லை

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்து இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரின் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில், முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரு கல்வெட்டுகள் உள்ளன. இவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியன. வெங்கையா இவற்றை வெளிக்கொணர்ந்த காலம் முதல் இவை குடவோலைத் தேர்தலின் சான்றாகப் போற்றப்படுகின்றன. இங்கு வேண்டுவது வேறொரு கூறு.

919இல் தத்தனூர் மூவேந்தவேளான் அரசாணையோடு வந்து உடனிருக்கச் சபை ஒரு வியவத்தை செய்தது. இரண்டே ஆண்டுகளில், சோமாசிபெருமான் என்பவர் வந்து உடனிருக்க, அதே சபை மீண்டும் கூடி விதியைத் திருத்தியது. முன்னதில் முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்த வயது, பின்னதில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்றாயிற்று. தகுதியின்மைகள் விரிந்தன. வாரியம் செய்து கணக்குக் காட்டாதாரும், இன்னின்ன முறையில் அவர்க்கு உறவினரானாரும் குடவோலைக்குப் பெயர் எழுதப்படத் தகாதவராயினர். வாரியத்தின் காலம் 360 நாள். திருவிடந்தைப் புராணத்தின் எண்ணும் அதுவே.

919க்கும் 921க்கும் இடையில் என்ன நடந்தது? கணக்குக் காட்டாமல் போனவர் எவர்? அவர்க்கு உறவாகிய எவர் மீண்டும் வாரியத்தில் ஏறினார்? கல்வெட்டு விடையளிக்கவில்லை. தீயோர் கெட்டு ஏனையோர் வளர்க என்னும் பொதுக்கருத்தோடு அது நின்றுவிடுகிறது. கட்டமைப்பின் இரு நிலைகள் கல்லில் உள்ளன. இரண்டையும் ஒப்பிட்டு எந்தெந்த வரி மாறியது என்று காட்டலாம். மாற்றத்தைத் தூண்டிய நிகழ்வுகள் ஓலையில் இருந்திருக்கும். ஓலை மண்ணாயிற்று. கோயிற்சுவருக்கும் ஒரு கடுமை வரம்பு இருந்தது எனலாம்: கொடையும் விதியும் கல்லேறின, நாட்கணக்கு ஏறவில்லை.

இவ்விரு கல்வெட்டுகளை மட்டும் கொண்டு சோழர் கால ஊராட்சியின் செம்மையைப் போற்றும் எழுத்துகள் பல. திருத்தம் இரண்டாண்டிற்குள் தேவைப்பட்டது என்பது முதல் ஏற்பாடு தோற்றதற்கான சான்றும் ஆகும் என்பதை அவை போதிய அளவு கருதுவதில்லை.

திருத்திய விதியில் கழுதை ஏறினாரோடு சேர்த்துக் கூடலேகை செய்தாரும், அதாவது பொய்யாவணம் எழுதினாரும், விலக்கப்படுகின்றனர். பழைய சிஸ்லாக்கில் கூடலேகை செய்வது மிக எளிது. அனுப்பியவர் முகவரியைப் பொய்யாகப் பொறித்து எவரும் எக்குறிப்பையும் அனுப்பலாம். பெறும் நிரல் அதை ஐயுறாது. குறிப்புகளை மறைகுறியாக்கி அனுப்பும் முறை 2009இல் ஆர்.எப்.சி. 5425 ஆகவும், குறிப்புகளுக்குக் கையொப்பமிடும் முறை 2010 மே மாதத்தில் ஆர்.எப்.சி. 5848 ஆகவும் வெளிவந்தன.

இடைத்தரகாக நின்று குறிப்பை வாங்கி அனுப்பும் கணினி, குறிப்பில் முறையான நேரம் இல்லையெனில் தன் நேரத்தைச் சேர்க்க வேண்டும் என்கிறது ஆர்.எப்.சி. 3164. அவ்வாறு சேர்த்ததற்கு அடையாளம் எதுவும் குறிப்பில் நிற்பதில்லை. திருமழபாடியில் விமானத்தைப் புதுப்பித்தபோது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்து வைத்து, பின்னர் மீண்டும் பொறித்தனர். இவ்வாறு பெயர்த்துப் பொறித்தவற்றில் இதுவுமொரு பழங்கற்படி என்னும் தொடர் சில இடங்களில் காணப்படுகிறது. படி என்பதைப் படியே சொல்லும் அந்த ஒழுங்கு இருபத்தோராம் நூற்றாண்டின் நெறிமுறையில் இல்லை.

நூற்றெண்பது நாள்

கொடை நிலைக்கவேண்டிய காலத்தைக் கல்வெட்டுகள் சந்திராதித்தவல் என்று குறித்தன. திங்களும் ஞாயிறும் உள்ளளவும் என்பது பொருள். இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின்கீழ் 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த நெறிகள் குறித்த காலம் 180 நாள். எல்லாத் தகவல் தொழில்நுட்ப அமைப்புகளின் பதிகைகளும் இயக்கப்பட்டு, சுழலும் 180 நாள்களுக்குப் பாதுகாக்கப்பட வேண்டும். இணையப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளை ஆறு மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும். கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சேவையோடு ஒன்றாக்க வேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் தரப்பட்டது.

கால அளவு ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பதற்குப் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் நிகழ்ச்சி சான்று. குடும்பத்தைப் பிரிந்தோர், காணாமற்போனோர் முதலிய 515000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் பகைவர் கைக்கு எட்டியதை அக்குழு 2022 ஜனவரி 18இல் கண்டறிந்தது. அவர்கள் நுழைந்ததோ 2021 நவம்பர் 9இல். இடையே கழிந்தவை 70 நாள்கள். நுழைவாயிலாக அமைந்தது மேனேஜ்எஞ்சின் வரிசையைச் சேர்ந்த ஒரு கடவுச்சொல் மேலாண்மை மென்பொருளில் இருந்த குறை. அதற்கான திருத்தம் 2021 செப்டம்பரிலேயே வெளியாகியிருந்தது. அமெரிக்க அரசு அமைப்புகள் செப்டம்பர் 16இல் எச்சரிக்கையும் விடுத்திருந்தன. திருத்தத்தை உரிய காலத்தில் நிறுவவில்லை என்பதைக் குழு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. இத்தகைய நுழைவை, முப்பது நாள் பதிகையை மட்டும் வைத்திருப்பவர் ஒருபோதும் தேதியிட்டுச் சொல்ல முடியாது.

180 நாளைக் காப்பதற்கும் செலவு உண்டு. எடுத்துக்காட்டாக, 100 கருவிகள் நொடிக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் 200 பைட்டு அளவில் குறிப்பு அனுப்பினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 ஜிகாபைட் சேரும். 180 நாளில் 311 ஜிகாபைட். ஒரு பெரிய நிறுவனத்திற்கு இது பொருட்டன்று. கூடுவாஞ்சேரியிலோ திருப்போரூரிலோ ஒரே பணியாளரை வைத்து வலைப்பின்னலை நடத்தும் கல்லூரிக்கு, சேமிப்பைவிடச் சேமித்ததைப் படிக்கும் ஆளே பெருஞ்செலவு.

சுழலும் காலம் என்பதன் பொருள், 181ஆம் நாளில் முதல் நாளின் குறிப்பை அழிக்க உரிமை உண்டு என்பதே. கட்டமைப்பின் படிகளோ அளவிற் சிறியவை, ஆண்டுக்கணக்கில் தங்கும். எந்தத் தேதியில் எந்த விதி நடப்பில் இருந்தது என்பதை 2040இன் ஆய்வாளர் அப்படிகளிலிருந்து அறிந்துகொள்வார். அவ்விதி ஏன் மாறியது என்பதற்கான குறிப்பு, வேறு ஏற்பாடு செய்யப்பட்டாலன்றி, மாறிய ஆறாம் மாதத்திலேயே அழிந்திருக்கும். பல்கலைக்கழகங்களும் ஆவணக் காப்பகங்களும், தனியுரிமைக்கு உரிய பகுதிகளை நீக்கியபின், மாற்றத்தைப் பற்றிய ஐந்தாம் கடுமைக் குறிப்புகளை மட்டுமேனும் தனியே எடுத்து வைப்பது இயலும் செயலே. மொத்தத்தில் அவை சிறு பங்கு.

நெறிகளுக்கு இணங்கத் தவறுவோர்க்குச் சட்டத்தின் 70பி(7) உட்பிரிவு ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதித்திருந்தது. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் அத்தண்டத்தின் உச்ச அளவை ஒரு கோடியாக்கியது. உத்திரமேரூர்ச் சபை கணக்குக் காட்டாதார்க்கு விதித்தது பொருள் தண்டம் அன்று. அவர் பெயரும் உறவினர் பெயரும் ஓலையில் எழுதப்படாமை.